டவர் கிடைக்கும் இடம்

பாளையம் சுங்கச்சாவடிக்கு அப்பால்
லாரிகள் மூச்சு வாங்கும் ஓரத்தில்
எனக்கொரு பிளாஸ்டிக் மேசை,
ஸ்பிரிட் புட்டி, பஞ்சு.
மணிக்கட்டின் உட்புறத்தைத் துடைத்து
புளியங்கொட்டை அகலத்தில் ஒரு பட்டையை ஒட்டுகிறேன்.
கம்பி இல்லை. ஊசி இல்லை.
தோலில் எவ்வளவு ஈரம் என்று மட்டும்
நொடிக்கு நாலு முறை கேட்டுக்கொள்ளும்.

"குடிச்சிருக்கேனான்னு பாக்கவா?"
முதல் நாள் எல்லோரும் கேட்பது.
இல்லண்ணா, பயப்படறீங்களான்னு.
சிரிப்பார்கள்.
சிரிப்புக்கும் கோடு ஏறும், சின்னதாக.

பத்தொன்பதாம் எண் திம்மராயன்.
ராயக்கோட்டைத் தக்காளி, இரவு ஒன்றரை மணி.
அழுத்தம் உண்டா என்ற கேள்விக்கு
"டயர்லயா மேடம்? நூத்திப் பத்து" என்றார்.
'இல்லை'யில் புள்ளி வைத்தேன்.

தொப்பூர் இறக்கத்தை உங்களுக்குத் தெரியும்,
பேப்பரில் வருகிற அளவுக்கு.
கருகும் பிரேக்கின் நாற்றம்,
தடுப்புச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாய்
உரசிப்போன வண்டிகளின் நிறங்கள்.
பட்டை ஒட்டுவதே அந்த இறக்கத்துக்காகத்தான்.
பெங்களூரில் இருப்பவர்கள்
கோட்டில் அங்கே ஒரு மலை எதிர்பார்க்கிறார்கள்.

திம்மராயனின் கோட்டில் மலை இல்லை.
பன்னிரண்டு டன் முதுகைத் தள்ள
அவர் தோல் உலர்ந்து கிடக்கிறது
சித்திரை மாதச் சின்னாறு போல.
தூங்கிவிட்டாரோ என்று
வேகக் கணக்கைத் திறந்து பார்த்தேன்.
முப்பது, இருபத்தெட்டு, முப்பது.
தூங்குகிறவன் இவ்வளவு பதமாக இறக்க மாட்டான்.

கீழே வந்து
சாலை நேரான பிறகு,
பயப்பட ஒன்றுமே இல்லாத இடத்தில்,
இரண்டு மணி பதினேழு நிமிடத்துக்கு
கோடு செங்குத்தாக எழுகிறது.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும், அதே மைல்கல்லில்.

ஸ்ரீவத்சா போனில் விளக்கினார்:
மலைக்குள் டவர் விட்டுப்போகிறது,
பட்டை எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து வைக்கிறது,
டவர் கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டுகிறது.
கொட்டும் நேரத்துப் பிழை அது.
அந்த நாற்பது நொடியை வெட்டிடுங்க.

ஐந்தாம் நாள் பட்டையை உரிக்கும்போது கேட்டேன்.
அது இருந்த இடம் மட்டும்
வேறு யாருடைய தோலோ போல வெளிறியிருந்தது.
"அங்கதான மேடம் போனுக்கு உசுரு வருது.
பைனான்ஸ்காரன் நாலு, மண்டி ரெண்டு,
அப்புறம் அவ."

அவள் யார் என்று கேட்க
என் படிவத்தில் கட்டம் இல்லை.

வெளிறிய இடத்தைத் தேய்த்தபடி நின்றார்.
"பாலம் போட்டு நேராக்கப் போறாங்கன்னு பேசிக்கறாங்க.
அஞ்சு நிமிசத்துல எறங்கிடலாமாம்."
பின்னால் ஒரு டாரஸ் ஹாரன் அடித்தது.
"இன்னும் ரெண்டு வளைவு இருந்தாத் தேவல" என்று
யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு
கேபினில் ஏறினார்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் வாடகை அறை.
மின்விசிறி மூன்றில் ஓடினாலும் ஒன்றில் ஓடுகிற மாதிரிதான்.
பத்தொன்பதைத் திறந்து
நாற்பது நொடியைத் தேர்ந்தெடுத்தேன்.
நீலமாகி நின்றது, வெட்டச் சொல்லி.
குறிப்பு என்ற கட்டத்தில்
'அவ' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'பிழை அல்ல' என்று அடித்தேன்.
அதை அப்படியே விட்டுவிட்டேன்.

மேசைமேல் என் போன் கவிழ்ந்து கிடக்கிறது.
ஒன்பதரை ஆகப்போகிறது.
இன்னும் அடிக்கவில்லை.
திரையின் மூலையில்
சோதனைக்காகக் காலையில் நானே ஒட்டிக்கொண்ட
இருபத்தேழாம் எண்
மெல்ல ஏறத் தொடங்குகிறது.